விரத நாளில் மாத்திரை

ஸ்ரீரங்கத்தில் பகல் பத்து தொடங்கிவிட்டால் வீடுகளின் பொழுதுக்கணக்கே மாறிவிடுகிறது. உத்தர வீதியில் வாழும் 72 வயது மூதாட்டி ஒருவர், கணவர் ஆசாரியன் திருவடி அடைந்த பின் பேச்சும் உறக்கமும் குன்றி, பெருமாளைச் சேவிக்கச் செல்வதையும் நிறுத்தியிருந்தார். திருச்சியில் மனநல மருத்துவர் ஒருவர் எஸ்சிடாலோபிராம் என்னும் மாத்திரையை எழுதித் தந்தார். இரண்டு மாதங்களில் அவர் மீண்டும் சந்நிதிக்கு வரலானார். வைகுண்ட ஏகாதசி நெருங்கியது. 'உடம்புதான் தேறிவிட்டதே, விரதத்திற்கும் மருந்து ஆகாது' என்று எண்ணி, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். நான்காம் நாள் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்ந்தாற்போன்ற அதிர்வு. பரமபத வாசல் திறந்த விடியலில் அவர் படுக்கையில் கிடந்தார்.

இது அடிமைப்பழக்கம் அன்று. மூளை நரம்புகளுக்கிடையே செரோட்டோனின் என்னும் பொருள் கூடுதலாகத் தங்கும்படி இம்மருந்து செய்கிறது. அதற்குப் பழகிய நரம்புகள் திடீர் மாற்றத்தைத் தாங்குவதில்லை. பலன் தெரியவே சில வாரங்கள் ஆகும்; நலமடைந்த பின்னும் பல மாதங்கள் உட்கொண்டு, மருத்துவர் சொற்படி படிப்படியாகவே குறைத்தல் வேண்டும். ஒரு வேளை தவறினால் மறுவேளை இரட்டிப்பாக உண்ணலாகாது.

முதியோர்க்கு வேறோர் எச்சரிக்கையும் உண்டு. இம்மருந்தால் சிலருக்கு இரத்தத்தில் சோடியம் குறையும்; நீர் பிரியும் மாத்திரை உண்போர்க்கு இது எளிதில் நேரும். தடுமாற்றமும் குழப்பமும் தோன்றினால் 'வயதாகிவிட்டது' என்று விட்டுவிடாமல் இரத்தப் பரிசோதனை செய்தல் நலம். ஆஸ்பிரினோ மூட்டுவலி மாத்திரையோ உடன் உண்டால் வயிற்றில் இரத்தக் கசிவு நேரலாம்; அவற்றையும் மருத்துவரிடம் மறையாது சொல்லவேண்டும். வாழ்வே வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், அதனை வைராக்கியம் என்று கொள்ளாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். 14416 என்னும் அரசு மனநல உதவி எண்ணிலும் பேசலாம்.

விரதத்தைக் கெடுக்காதவை என்று மகாபாரதத்தின் உத்யோக பர்வம் எட்டினைக் கூறுகிறது. நீர் அவற்றுள் ஒன்று, மருந்தும் ஒன்று. அரங்கன் கோயிலுக்குள்ளேயே ஆரோக்கியசாலை இருந்தது. அது புதுப்பிக்கப்பட்டதை 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு குறிக்கிறது. தன்வந்திரி சந்நிதி இன்றும் உள்ளது.

எஸ்சிடாலோபிராமை வெறும் வயிற்றிலும் உட்கொள்ளலாம் என்பதை மருத்துவர் விளக்கிய பின் அம்மூதாட்டி அதனை மீண்டும் தொடங்கினார். இப்போது ஏகாதசி இரவிலும் ஒரு வாய் நீருடன் மாத்திரையை விழுங்கிவிட்டே திருவாய்மொழிப் புத்தகத்தை எடுக்கிறார்.