பிரசங்கத்துக்குக் கணக்கு ஒப்புவிப்பவர் யார்?

பிரசங்கம் எழுதச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தினால் என்ன குற்றம் என்ற கேள்வி இப்போது போதகர்கள் நடுவிலேயே எழுகிறது. கேட்பவர்களை அவிசுவாசிகள் என்று தள்ளிவிட முடியாது. சுவிசேஷம் விரைந்து பரவ வேண்டும், சபைக்குத் தரமான போதனை கிடைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறவர்கள் அவர்கள். அச்சு, வானொலி, கணினி ஆகியவற்றை ஏற்ற சபை இதையும் ஏற்பதுதானே முறை என்கிறார்கள். உபதேசம் பிழையின்றி இருந்தால் அதை எழுதியது யார் என்பது எதற்கு என்றும் கேட்கிறார்கள். இந்த வாதங்களை நான் மறுக்கிறேன். பிரசங்கம் ஒரு சாட்சி. சாட்சிக்குப் பொறுப்பேற்க ஓர் ஆத்துமா வேண்டும்.

முதலில் வரலாற்று வாதம். தொழில்நுட்பத்தைக் கண்டு சபை அஞ்சியே வந்திருக்கிறது என்பது உண்மைக்குப் புறம்பானது. 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியது என்றிக்கே என்றீக்கஸ் என்ற இயேசு சபைக் குருவின் உழைப்பால். தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். 1921 ஜனவரியில், வானொலி ஒலிபரப்பின் தொடக்க காலத்திலேயே, பிட்ஸ்பர்க் நகரின் ஆலய ஆராதனை ஒன்று வானொலியில் ஒலித்தது. 1949இல் ரொபெர்த்தோ பூசா என்ற இத்தாலியக் குரு, தாமஸ் அக்குவினாஸின் நூல்களுக்குச் சொல்லடைவு தயாரிக்க ஐபிஎம் நிறுவனத்தின் எந்திரங்களை நாடினார். இத்தனையிலும் எந்திரம் செய்தது ஒரே வேலை: ஒரு மனிதர் ஏற்கெனவே சொன்னதைப் பெருக்கியது, தொலைவுக்குக் கொண்டுபோனது, அல்லது அதற்குள் தேட உதவியது. தரங்கம்பாடி அச்சகம் சீகன்பால்குவின் மொழிபெயர்ப்பைச் சுமந்தது. எந்தச் சொல்லை இடுவது என்று அது தீர்மானிக்கவில்லை. பிழை இருந்தால் பதில் சொல்ல அவர் இருந்தார். இன்றைய எந்திரமோ சொல்லையே உண்டாக்குகிறது. இந்த வேறுபாட்டைக் கடந்துபோனால் அச்சகத்தை எடுத்துக்காட்டுவதில் பொருளே இல்லை.

உபதேசம் சரியாக இருந்தால் போதும் என்ற வாதத்துக்கு இரண்டு நிலைகளில் பதில் உண்டு. அது எப்போதும் சரியாக இருப்பதில்லை என்பது ஒன்று. 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் ‘கத்தோலிக் ஆன்சர்ஸ்’ என்ற அமைப்பு ‘ஃபாதர் ஜஸ்டின்’ என்ற எந்திரக் குருவை இணையத்தில் அறிமுகப்படுத்தியது. அது தன்னை அசிசியில் வாழும் மெய்யான குரு என்று சொல்லிக்கொண்டது, பாவமன்னிப்பு வழங்கியது, கேட்டரேட் என்ற பானத்தால் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்றும் கூறியது. சில நாட்களுக்குள் அதன் குருப்பட்டத்தை அந்த அமைப்பே நீக்கிவிட்டது. ‘எந்திரம் நாளுக்கு நாள் திருந்தும்’ என்பார்கள். திருந்தட்டும். என் மறுப்பு அதன் பிழைகளை மட்டும் நம்பி நிற்கவில்லை. பொறுப்பேற்பது யார் என்பதே இரண்டாவது பதில். 2023 ஜூனில் நியூயார்க்கில், சாட்ஜிபிடி புனைந்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்குரைஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. தண்டனை மனிதர்களுக்குத்தான் விழுந்தது, ஏனெனில் எந்திரத்தைக் கூண்டில் ஏற்ற முடியாது. உலக நீதிமன்றமே இவ்வளவு கேட்கும்போது தேவ சமுகம் எவ்வளவு கேட்கும்! போதகர்கள் அதிக ஆக்கினைக்கு உட்படுவார்கள் என்று யாக்கோபு எச்சரிக்கிறார். நடத்துகிறவர்கள் ஆத்துமாக்களுக்காகக் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்கிறது எபிரெயர் நிருபம். பவுல் தெசலோனிக்கேயருக்குச் சுவிசேஷத்தோடு தம் ஜீவனையும் கொடுக்க மனதாயிருந்தார். கொடுக்க ஜீவன் இல்லாத ஒன்று, பிழையே இல்லாத வாக்கியங்களைத் தந்தாலும், இந்த ஊழியத்தைச் செய்ய முடியாது.

2023 ஜூனில் ஜெர்மனியின் ஃபூர்த் நகரிலுள்ள தூய பவுல் ஆலயத்தில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் கூடிய ஆராதனையில், திரையில் தோன்றிய உருவங்கள் சாட்ஜிபிடி எழுதிய பிரசங்கத்தையும் ஜெபத்தையும் வாசித்தன. மரணத்துக்கு அஞ்ச வேண்டாம் என்றும் அந்தப் பிரசங்கம் சொன்னது. மரிக்கப்போகிற ஒருவர், மரிக்கப்போகிற மற்றவர்களிடம் சொல்லும்போதுதான் அந்தச் சொல்லுக்குக் கனம் உண்டு.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் சபை வரலாற்றிலேயே இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. சொந்தமாக எழுத இயலாதவர்கள் பிறர் எழுதியதை மனனம் செய்து பேசலாம் என்று அகுஸ்தீன் ‘கிறிஸ்தவ போதனை’ நூலின் நான்காம் புத்தகத்தில் அனுமதிக்கிறார். 1547இல் இங்கிலாந்துத் திருச்சபை பன்னிரண்டு பிரசங்கங்களை அச்சிட்டு ஆலயங்களில் வாசிக்கச் செய்தது. ஆயத்தப் பிரசங்கம் அன்று ஆகுமென்றால் இன்று ஏன் ஆகாது? அந்தத் தொகுப்புக்குப் பின்னால் ஒரு சபை வெளிப்படையாக நின்றது என்பதுதான் காரணம். இரட்சிப்பைப் பற்றிய பிரசங்கத்தை எழுதியவராகக் கருதப்படும் பேராயர் கிரான்மர் தம் உபதேசத்துக்காக 1556இல் ஆக்ஸ்போர்டில் எரிக்கப்பட்டார். வாசிக்கப்படுவது அச்சிட்ட பிரசங்கம் என்பது சபையாருக்கும் தெரிந்திருந்தது. அகுஸ்தீனும் அதே புத்தகத்தில், பேசுவதற்கு முன் ஜெபிக்கிறவனாயிரு என்று போதகனுக்குக் கட்டளையிடுகிறார். இரவல் பிரசங்கத்தில் இரவல் கொடுத்தவரும் விசுவாசியே. எந்திரம் எதையும் விசுவாசிப்பதில்லை.

வேலைப்பளு என்பது வேறு விஷயம், அதை நான் இலேசாகப் பேச மாட்டேன். நம் கிராமச் சேகரங்களில் ஒரே ஆயர் பல சபைகளைச் சுமக்கிறார்; அடக்கம், திருமணம், வீடு சந்திப்பு, பள்ளி நிர்வாகம் எல்லாம் அவர் தலையில். ஒத்தவாக்கியத்தைத் தேடவோ கிரேக்கச் சொல்லின் பொருள் பார்க்கவோ அவர் கணினியை நாடினால் நான் தடுக்கமாட்டேன். ஆனால் துக்க வீட்டில் உட்கார்ந்த மனிதர், அந்த வீட்டாரை மனதில் வைத்து வேதபகுதியோடு போராடுவதே பிரசங்க ஆயத்தம். அந்தப் போராட்டத்தை எந்திரத்திடம் கொடுத்தால் ஆயத்தத்தில் மிச்சம் ஒன்றுமில்லை. பளுவைக் குறைக்க வேண்டியது சபைதான். நிர்வாக வேலையைச் சேகரக் குழு ஏற்கட்டும். உபதேசியார்களுக்கும் தாலந்துள்ள சபையாருக்கும் பயிற்சி கொடுத்துப் பிரசங்க பீடத்தில் ஏற்றட்டும். ஒரு ஞாயிறு ஆயத்தப்பட இயலாமலே போனால், ஆயர் வேதபாடத்தை நிதானமாக வாசித்து, நல்ல பிரசங்கம் ஒன்றை அதை எழுதியவர் பெயரைச் சொல்லியே வாசிக்கலாம்.