மெட்டியைப் பார்த்து வேலை கொடுப்பது குறித்துச் சங்கத்தின் நிலைப்பாடு

பிள்ளைப்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் பெண்களுக்குப் பதவி உயர்வு ஏன் எட்டாமல் இருக்கிறது என்பது பற்றிச் சங்கம் இந்த அறிக்கையை வெளியிடுகிறது. பழைய கதையை உறுப்பினர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிலாளர் விடுதிச் சாப்பாட்டால் தோழிகள் ஆஸ்பத்திரியில் கிடக்க, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பெண்கள் உட்கார்ந்ததை யாரும் மறக்கவில்லை.

இப்போது பேச வைத்தது 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள். 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம், 1987 திருத்தத்துக்குப் பின், பதவி உயர்வு, பயிற்சி, இடமாற்றம் மூன்றிலும் பாகுபாடு கூடாதென்று வாய்திறந்து சொன்னது. அதன் இடத்துக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பில் அந்த மூன்றும் இல்லை. 'வேலை நிபந்தனைகள்' என்று பொதுவாக முடித்துக்கொள்கிறது. அதற்குள் எல்லாம் அடங்கும் என்று வாதிட இடமுண்டு எனச் சங்கத்தின் குழுவில் சிலர் கருதுகிறார்கள். அடங்கட்டும். மாநில விதிகளில் எழுதிக் கொடுக்க என்ன தயக்கம்?

பதவி உயர்வுக்கு முன்னால் ஆலை வாசல் இருக்கிறது. ஃபாக்ஸ்கானின் ஐபோன் ஆலையில் திருமணமான பெண்களை அசெம்பிளி வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது. பாகுபாடு இல்லை என்று நிறுவனம் மறுத்தது. சரி, கணக்கு என்ன சொல்கிறது? அடுத்த மாதம் ஆலைக்குப் போன தொழிலாளர் துறை அதிகாரிகளிடம் காட்டப்பட்ட விவரப்படி பெண்கள் 33,360 பேர். அவர்களில் மணமானவர்கள் 2,750, சுமார் 8 சதவீதம். தாலியும் மெட்டியும் உலோகம், உற்பத்திக்கு இடையூறு என்றொரு காரணமும் அப்போது அடிபட்டது. உலோக விதி எல்லோருக்கும் பொது என்றது நிறுவனம். அப்படியானால் கழற்றி வைக்க லாக்கர் போதுமே!

கல்யாணம் வரைக்கும் என்று கணக்குப் போட்டு ஆளெடுத்தால், லைன் லீடராகும் அனுபவம் வரும் வயதில் அந்தப் பெண் ஆலையிலேயே இருக்கமாட்டாள். பிறகு, 'பெண்கள் நிலைத்து நிற்பதில்லை' என்று அவள் மேலேயே பழி. நிற்க விடாதது யார்?

இந்தச் சாக்கு புதிதும் அல்ல. மணமான பெண்கள் அடிக்கடி லீவு போடுவார்கள், குழுவாகச் செய்யும் வேலை கெடும் என்று ஒரு மருந்து நிறுவனம் சொன்னதை உச்ச நீதிமன்றம் 1965இலேயே ஏற்கவில்லை. மணமாகாதவரும் குழந்தையுள்ள விதவையும் லீவே போடமாட்டார்களா, பிரசவ விடுப்புக்குச் சிலரைக் கூடுதலாக வைத்துக்கொண்டால் தீர்ந்தது என்பதே தீர்ப்பின் சாரம். அறுபது ஆண்டு கழித்தும் அதே சாக்கை அசெம்பிளி லைனில் கேட்கிறோம் என்றால், யாருக்கும் அந்தத் தீர்ப்பைப் படிக்க நேரமில்லை போலும்.

பெண்கள் வேலையில் நிலைக்க வசதிகளும் வேண்டும். இரவு ஷிப்டில் விருப்பமுள்ளவர்களுக்குத் தடை வேண்டாம், வீட்டு வாசல் வரை வண்டி வேண்டும் என்பது குழுவின் பெரும்பான்மைக் கருத்து. குழந்தைகள் காப்பகம் கட்டாயம். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த 18,720 படுக்கை விடுதியைச் சங்கம் வரவேற்கிறது. கைக்குழந்தையோடு வேலைக்கு வருபவளுக்கும் அரசு ஓர் இடம் யோசிக்க வேண்டும்.

ஆளெடுப்பு விளம்பரங்களில் வயது, திருமண நிபந்தனைகளைப் போடாதீர்கள் என்று ஏஜென்ட்டுகளுக்கு ஃபாக்ஸ்கான் சொன்னதாக 2024 நவம்பரில் செய்தி வந்தது. நல்லது, ஆனால் விளம்பரத்தில் அழிப்பது நேர்காணலில் அழிவதாகாது. எனவே ஒவ்வொரு ஆலையும் எத்தனை மணமான பெண்களை எடுத்தது, எத்தனை பேரை லைன் லீடர், சூப்பர்வைசர் ஆக்கியது என்பதை ஆண்டுதோறும் தொழிலாளர் துறை வெளியிட வேண்டும். நிறுவனப் பெயரோடு வெளியிடுவதா என்பதில் குழு ஒத்துப்போகவில்லை. பெயரோடுதான் வேண்டும் என்று வாக்களித்தவர்களே அதிகம்.