வாசலில் யாருடைய பெயர்?

போன மாதம் ஒரு பின்னேரம் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு லப்டொப்பைச் சுற்றியிருந்து மோர்ட்டன் ஃபெல்ட்மனின் 'ரொத்கோ சிற்றாலயம்' எண்ட இசையைக் கேட்டோம். இருபத்தைந்து நிமிசம் அளவில் வரும். ஒரு வயோலா, ஒரு செலெஸ்டா, கொஞ்சம் தாளவாத்தியம், ஒரு பாடகர் குழு. பாடுகிறவர்கள் ஒரு சொல்லும் பாடுவதில்லை, குரல் மட்டும்தான். முடிந்த பிறகு கொஞ்ச நேரம் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு நண்பர் சொன்னார்: "இப்பிடி ஒண்டு நாங்களும் செய்யவேணும். ஒரு ஓவியக் கூடம், நாலு மதத்து ஆக்கள், ஒரு சின்ன இசைக்குழு. பேச்சு இல்லை, அரசியல் இல்லை, மௌனம் மட்டும்."

எல்லாரும் தலையாட்டினோம். அழைப்பிதழுக்கு வாசகம் எழுதுகிற அளவுக்குப் போய்விட்டோம். "இசைக்கு மதமில்லை, மௌனத்துக்கு மொழியில்லை" எண்டு ஒரு வரி கூட எழுதியாயிற்று. அதுக்குப் பிறகுதான் அந்த இடத்தைப் பற்றி ஒழுங்காகத் தேடி வாசித்தோம். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறோம். எங்கட வாதம் சின்னது: அரசியல் இல்லாத சர்வமத இசை எண்டு ஒண்டு கிடையாது. ஹூஸ்டனில் அந்த மௌனத்துக்குப் பெறுமதி வந்ததே அதன் வாசலில் ஒரு பெயர் நிற்பதால்தான்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம், ஹூஸ்டன் நகரம். ஜோன் டி மெனில், டொமினிக் டி மெனில் எண்ட தம்பதி 1964இல் ஓவியர் மார்க் ரொத்கோவிடம் ஒரு கத்தோலிக்கச் சிற்றாலயத்துக்கு ஓவியங்கள் கேட்டார்கள். 1971 பெப்ரவரியில் திறக்கும்போது அது எல்லா மதத்தாருக்கும், மதம் இல்லாதவருக்கும் உரிய இடமாக மாறியிருந்தது. எண்கோண அறை. கறுப்பும் கருஊதாவுமாகப் பதினான்கு பெரிய ஓவியங்கள். சிலுவை இல்லை, சுரூபம் இல்லை, இருக்க வாங்குகள் மட்டும். நுழையிற இடத்தில் பல மதங்களின் வேதநூல்கள் இருக்கும், யாரும் எடுத்து வாசிக்கலாம். வெளிச்சம் கூரையிலிருந்து வரும். வெளியே முகில் நகர்ந்தால் உள்ளே ஓவியத்தின் நிறமும் மாறும். ரொத்கோ இதைப் பார்க்கவில்லை. திறப்புக்கு ஒரு வருசம் முன்னமே, 1970 பெப்ரவரியில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

ஃபெல்ட்மன் அவருடைய நண்பர். நண்பனுக்காக எழுதிய அந்த இசை 1972இல் அந்த ஓவியங்களுக்கு நடுவில்தான் முதன்முதலாக வாசிக்கப்பட்டது.

"பாருங்கோ, சொல் இல்லை, உருவம் இல்லை, எல்லாம் கரைஞ்சு ஒண்டாகுது" எண்டுதான் எங்களுக்குள்ளேயே கதை வந்தது. இல்லை, எல்லாம் கரையவில்லை. அந்த இசையின் கடைசியில் வயோலா ஒரு எளிமையான மெட்டை வாசிக்கும். அவ்வளவு நேரமும் துண்டுதுண்டாக வந்த இசைக்குள் முதல் தடவையாக ஒரு முழுப் பாட்டு வந்தமாதிரி இருக்கும். ஃபெல்ட்மன் பதினைந்து வயதில் எழுதிய மெட்டு அது. எபிரேயச் சாயல் உள்ளது எண்டு அவரே சொல்லியிருக்கிறார். ஃபெல்ட்மன் 1926இல் நியூயோர்க்கில் பிறந்த யூதர். பதினைந்து வயது எண்டால் 1941. ரொத்கோவும் யூதர்தான். இன்று லத்வியாவில் இருக்கிற ட்வின்ஸ்க் நகரில் 1903இல் பிறந்து, பத்து வயதில் அமெரிக்கா போனவர். அவர் பிறந்த ஊரில் மிஞ்சியிருந்த யூதர்களை நாசிகள் கூட்டங்கூட்டமாகக் கொன்றதும் 1941இல்தான். அந்த மெட்டு அந்தக் கொலைகளைப் பற்றியது எண்டு நாங்கள் சொல்ல வரவில்லை. பொடியனாக இருந்தபோது எழுதிய ஒரு மெட்டு, அவ்வளவுதான். ஆனால் எல்லா மதத்துக்குமான அறையில் வாசிக்கிறோம் எண்டு அவர் அதன் யூத அடையாளத்தைக் கழுவித் துடைக்கவில்லை. மெட்டு தன்ர ஊர்ப்பெயரோடதான் உள்ளே வருகிறது.

இப்ப வெளியே வருவோம், முக்கியமான கதை வெளியேதான் இருக்கிறது. சிற்றாலயத்துக்கு முன்னால் ஒரு தண்ணீர்த் தடாகம். அதுக்கு நடுவில் இரும்பில் செய்த ஒரு பிரமிட். அதன் கூர்நுனியில் தலைகீழாக நிற்கிறது உடைந்த ஒரு தூண். பார்னெட் நியூமன் எண்ட ஓவியர் செய்த சிற்பம், பெயர் 'உடைந்த தூபி'. 1969இல் டி மெனில் தம்பதி அதை ஹூஸ்டன் நகரத்துக்கு வாங்கிக் கொடுக்கப் பணம் தருகிறோம் எண்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை: முந்தின வருசம் ஏப்ரலில் சுட்டுக் கொல்லப்பட்ட மார்ட்டின் லூதர் கிங்குக்கு அதைச் சமர்ப்பணம் செய்யவேண்டும். நகரம் மறுத்துவிட்டது. சிற்பத்தை எடுக்கலாம், பெயரை எடுக்க ஏலாது எண்ட மாதிரி.

தம்பதி அந்தப் பெயரை விட்டுக்கொடுத்திருக்கலாம். "கலைக்கு அரசியல் வேண்டாம், சிற்பம் நகரத்தின் நடுவில் நிற்பதுதான் பெரிது" எண்டு சொல்ல எவ்வளவோ பேர் இருந்திருப்பார்கள். அவர்கள் சிற்பத்தையே முழுசாக வாங்கி, கிங்கின் பெயரோடு சிற்றாலயத்தின் முன்னால் நிறுத்தினார்கள். இன்றைக்கும் தடாகத்தைக் கடக்காமல் அந்த மௌனத்துக்குள் போக ஏலாது. ஒரு நகரம் வேண்டாம் எண்ட பெயரைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடவேணும்.

அதோடு நிற்கவுமில்லை. எல் சல்வடோரில் திருப்பலி நேரத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட பேராயர் ஒஸ்கார் ரொமேரோவின் பெயரில் 1986இலிருந்து மனித உரிமை விருது கொடுக்கிறார்கள். 1991இல் சிறையிலிருந்து வெளியே வந்த அடுத்த வருசம் நெல்சன் மண்டேலா அங்கே வந்து பேசினார். 2018இல் வாசலிலும் தடாகத்திலும் யாரோ வெள்ளைப் பெயின்ற் ஊற்றி, வெள்ளை இனவாதத் துண்டுப்பிரசுரங்களை வீசிவிட்டுப் போனார்கள். அரசியல் இல்லாத இடம் எண்டால் ஒருவன் பெயின்ற் வாளியோடு ஏன் வரப்போகிறான்? எதிரிக்கு விளங்கியிருக்கிறது. எங்களுக்குத்தான் விளங்கவில்லை.

ஐம்பதாவது ஆண்டுக்காகக் கறுப்பின இசையமைப்பாளர் டைஷோன் சோரி புதிதாக ஒரு இசை எழுதினார். 2022 பெப்ரவரியில் அங்கேயே வாசிக்கப்பட்டது. ஃபெல்ட்மனைப் போலவே வயோலா, செலெஸ்டா, தாளவாத்தியம், பாடகர் குழு. தனிக்குரல் மட்டும் ஒரு ஆழ்ந்த ஆண் குரல். அந்த மெதுமைக்குள் அடிமைமுறைக் காலத்தில் கறுப்பின மக்கள் பாடிய ஒரு பழைய பாட்டின் சுவடு வருகிறது. ஐம்பது வருசமாகத் தடாகத்தில் நின்ற பெயர் அன்றைக்கு அறைக்குள் வந்து பாடியிருக்கிறது எண்டுதான் நாங்கள் அதை விளங்கிக்கொள்கிறோம்.

இதுக்கு மறுப்பு இருக்கிறது, அதையும் சொல்லவேணும். டி மெனில் தம்பதியின் காசு எண்ணெய்க் காசு. டொமினிக்கின் அப்பா தொடக்கிய ஷ்லும்பெர்ஜே நிறுவனம் எண்ணெய்க் கிணறுகளால் வளர்ந்தது. வசதியான ஆக்கள் நல்ல உடுப்போடு வந்து, மௌனமாக இருந்து, மனம் லேசாகித் திரும்புகிற இடமாகவும் அது இருக்கலாம். ஒரு சிற்பத்தில் பெயர் வைத்ததால் ஹூஸ்டனில் இனவாதம் ஒழிந்துவிடவும் இல்லை. எல்லாம் சரி. அந்த இடம் புனிதமானது எண்டு நாங்கள் சொல்லவில்லை. நாங்கள் சொல்வது ஒரு சின்ன விசயம்: தங்கட நகரம் கேட்க விரும்பாத பெயர் எது எண்டு அவர்கள் கண்டுபிடித்து, அதை வாசலில் வைத்தார்கள்.

எங்கட அழைப்பிதழில் அது எங்கே?

இந்த நாட்டில் சர்வமதத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு கட்டடம் திறந்தாலும் நாலு மதகுருமார் மேடையில் இருப்பார்கள். யார் முதலில் விளக்கேற்றுவது எண்டு ஒருத்தரும் கேட்பதில்லை, எல்லாருக்கும் தெரியும். பௌத்தத்துக்கு முதன்மை இடம் எண்டு அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை சொல்லுகிற நாட்டில் "எல்லா மதமும் சமம்" எண்டு ஒரு பாட்டுப் பாடிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகிறோம். 2020இல் கொவிட் வந்து இறந்த முஸ்லிம்களின் உடல்களைக் குடும்பங்கள் அழஅழ எரித்தார்கள். உலகம் முழுக்கப் புதைக்கலாம் எண்டு சொன்ன நேரத்தில் இங்கே பச்சைக் குழந்தையையும் எரித்தார்கள். விளக்கேற்றின கைகளில் எத்தனை அன்றைக்கு மேலே எழும்பினது? 2021 ஜனவரி 8 இரவு இடிக்கப்பட்ட ஒரு நினைவுத்தூபியை இதை வாசிக்கிறவர்களுக்கு நாங்கள் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. பெயருக்கு எவ்வளவு பயப்படுகிறார்கள் எண்டது எங்களுக்குத் தெரியும்.

ஆனால் அரசைத் திட்டுவதோடு முடித்தால் இந்தக் கட்டுரையும் ஒரு விளக்கேற்றல்தான். டி மெனில் தம்பதி வொஷிங்டனைப் பார்த்துக் கத்தவில்லை. தங்கட சொந்த நகரத்துக்குப் பிடிக்காத பெயரைக் கேட்டார்கள். எனவே நாங்களும் கேட்கவேண்டியது இதுதான்: யாழ்ப்பாணத்தில் தமிழ்ப் பிள்ளைகள் நாங்கள் ஒரு சர்வமத இசைநிகழ்வு வைத்தால், எங்கட சபையே முகம் சுளிக்கிற பெயர் எது?

எங்களுக்கு அது தெரியும். 1990 ஒக்டோபர். வடக்கிலிருந்து முழு முஸ்லிம் சமூகத்தையும் புலிகள் துரத்தினார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கொடுத்தது மணித்தியாலக் கணக்கு. வீடு, கடை, நகை எல்லாம் விட்டுவிட்டுப் போனார்கள். கன பேர் புத்தளம் பக்கம் முகாம்களில் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளும் வளர்ந்து, இன்றைக்கு எங்கட வயதில் இருக்கிறார்கள். நாங்கள் பள்ளிக்கூடத்தில் இதைப் படிக்கவில்லை. வீட்டில் கேட்டால், "அந்த நேரம் அப்பிடி" எண்டு கதையை மாற்றுவார்கள். எங்கட நாலு மத மேடைக்கு ஒரு மௌலவியைக் கூப்பிட்டு, வெள்ளைத் துணி விரித்து, வயோலா வாசித்து, இந்தத் திகதியைச் சொல்லாமல் அனுப்பிவிடத்தான் நாங்கள் போன மாதம் திட்டம் போட்டிருந்தோம். அதுக்குப் பெயர் மௌனம் எண்டு வேறு எழுதியிருந்தோம்.

இதைச் சொன்னவுடன் எங்கட குழுவுக்குள்ளேயே சண்டை வந்தது. "எங்கட செத்த சனத்துக்கே விளக்குக் கொளுத்த விடுறாங்கள் இல்லை, அதுக்குள்ள இது ஏன்?" எண்டு கேட்டார்கள். நியாயமான கேள்வி. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியிலிருந்து இருக்கிறார்கள். அவர்கள் கேட்கிற பெயர்களுக்கு இன்னும் பதில் இல்லை. ஆனால் ஒரு பெயரைச் சொல்ல இன்னொரு பெயரை மறைக்கவேணும் எண்டு யார் சொன்னது? எங்கட பெயர்களை மறைக்கிறவர்கள் சொல்லுகிற அதே நியாயத்தைத்தான் இங்கே நாங்களும் சொல்லுகிறோம்: இப்ப நேரம் சரியில்லை, ஒற்றுமை கெடும், இசையைக் கேட்டுவிட்டுப் போங்கோ.

ஆகவே அழைப்பிதழைக் கிழித்துவிட்டோம். நிகழ்வைக் கைவிடவில்லை. மூன்று விசயம் மாற்றுகிறோம். மேடையும் இல்லை, விளக்கேற்றலும் இல்லை, மதகுருமாருக்கு வரிசை ஆசனமும் இல்லை. எல்லாரும் ஒரே வாங்கில். இரண்டாவது, இசைக்கு வருகிறவர்கள் தங்கட மெட்டைத் தங்கட ஊர்ப்பெயரோடு கொண்டு வரலாம். பொதுவாக்கிக் கழுவத் தேவையில்லை. மூன்றாவது, வாசலில் என்ன எழுதுவது எண்டதை நாங்கள் தீர்மானிப்பதில்லை. 1990இல் போனவர்களின் பிள்ளைகளையும் அம்மாமாரையும் கேட்டு எழுதுவோம். அவர்கள் வரமாட்டோம் எண்டால் அதையும் வாசலில் எழுதுவோம்.

கொஞ்சப் பேர் வாசலோடு திரும்பிப் போகலாம். மண்டபம் கேட்டால் தரமாட்டார்கள் எண்டும் தெரியும். பரவாயில்லை, மரத்துக்குக் கீழேயும் வயோலா கேட்கும். மௌனம் எங்களுக்கும் வேணும், உண்மையாகவே வேணும். ஆனால் பெயரை வாசித்த பிறகு.