அது யாருமற்ற வீடா?

பழம்பெரும் இடங்களைக் காணச் செல்லும் நாம், அங்கே சொந்தக்காரராக நுழைகிறோமா, விருந்தினராக நுழைகிறோமா? இவ்வினாவை எழுப்பும் ஓரிடம் அமெரிக்காவில் உண்டு. அதன் பெயர் ஹோவன்வீப்.

யூட்டா, கொலராடோ மாநிலங்களின் எல்லையில், வறண்ட மேட்டு நிலத்தில் அமைந்தது இது. அருகிலுள்ள மேசா வெர்டேயைப் பலர் அறிவர். ஹோவன்வீப்பை அறிந்தோர் சிலரே. 1923-ல் இது தேசிய நினைவிடமாயிற்று. பள்ளத்தாக்கின் விளிம்பிலே சதுரமாகவும் வட்டமாகவும் கற்கோபுரங்கள் நிற்கின்றன. பெரும் பாறையின் தலைமீதே எழுப்பப்பட்டவையும் உண்டு! இவற்றில் பெரும்பாலானவை 13-ஆம் நூற்றாண்டில் பியூப்லோ மக்களின் முன்னோர் கட்டியவை. இரும்பறியாத அவர்கள் கல்லைக் கல்லாலேயே கொத்தி, மண்சாந்து பூசி அடுக்கினர். சிற்றணைகளால் மழைநீரைத் தடுத்து மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் விளைவித்தனர். கோபுரங்கள் காவலுக்கா, சேமிப்புக்கா, வழிபாட்டுக்கா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒன்றுபடவில்லை.

அந்நூற்றாண்டின் இறுதியில், நீண்ட வறட்சியும் பிற இன்னல்களும் நெருக்கவே, அவர்கள் தெற்கு நோக்கிப் பெயர்ந்தனர். இதைத்தான் சிலர், “மர்மமாய் மறைந்த மக்கள்” என்று எழுதுகின்றனர். இதை என்னால் ஏற்க இயலவில்லை. அவர்களுடைய வழித்தோன்றல்கள் ஹோப்பி, ஸூனி மக்களாகவும், ரியோ கிராண்டே ஆற்றோர ஊர்களிலும் இன்றும் வாழ்கின்றனர். ஊரை விட்டுப் பெயர்ந்தவர் உறவை விட்டவர் ஆவரா?

‘மறைந்தனர்’ என்பது சிறு சொல்தானே எனலாம். ஆனால் சொந்தக்காரர் இல்லையென்று நினைத்த மனம், எடுத்தால் என்ன என்றும் நினைக்கும். 1906-லும் 1979-லும் சட்டங்கள் செய்து அமெரிக்கா இத்தகைய திருட்டைத் தடுக்க வேண்டியதாயிற்று. ஓர் ஓட்டாஞ்சில்லு கிடந்த இடத்திலே கிடந்தால்தான் வரலாறு பேசும். நம் பைக்குள் வந்துவிட்டால் அது வெறும் மண்ணோடு.

அப்படியானால் ஒருவரும் போகாமல், ஊர் பேர் தெரியாமல் மறைத்து வைப்பதே நல்லது என்பாரும் உளர். அதுவும் சரியன்று. அறியாத ஒன்றின்மீது அன்பு பிறப்பதில்லை. அன்பில்லாததை யாரும் காப்பதுமில்லை.

ஆகவே தோழியரே, போவோம், பார்ப்போம், கற்போம். ஆனால் பிறர் பாட்டி வீட்டுக்குப் போனால் எப்படி நடப்போமோ, அப்படி நடப்போம். சுவரில் ஏறோம், பெயர் கிறுக்கோம், ஒரு சிறு கல்லையும் எடுத்து வாரோம். பார்த்ததை நெஞ்சில் சுமந்து வந்தால் போதும். அந்தச் சுமையால் யாருக்கும் இழப்பில்லை.