தப்பொலியும் கணினியும்

ஊவாத் தோட்டங்களில் முன்னாளில் பொழுது புலருமுன் தப்பு முழங்கும். அவ்வொலி கேட்டதும் தொழிலாளர் லயங்களை விட்டுப் பெரட்டுக்களத்திலே கூடுவர். பேர் பதிந்து, அன்றைய வேலை பகிரப்படும். தப்படிப்பவர் ஒருவர் இருந்தாற் போதாது. கேட்டு எழுபவரும் வேண்டும். அறிவித்தலின் இலக்கணம் இதுவே.

கணினிக்கும் இவ்விலக்கணம் பொருந்தும். லினக்ஸ் பழகும் மாணவர், கட்டளைத் திரையில் 'நோட்டிஃபை-சென்ட்' என்று தட்டி, மேற்கோட் குறிகளுக்குள் தலைப்பையும், அவ்வாறே அடுத்துச் செய்தியையும் இட்டால், திரையோரத்தில் சிறு அறிவித்தலொன்று தோன்றும். பெரிய கோப்பு இறங்கி முடிந்ததும் இக்கட்டளை இயங்குமாறு அமைத்துவிட்டால், திரையையே நோக்கியிராது பாடத்தில் மனஞ்செலுத்தலாம். அவசர அளவைக் 'கிரிட்டிக்கல்' எனக் குறித்தால், பெரும்பாலும் நாம் மூடும்வரை அது மறையாது.

கட்டளையிட்டும் ஒன்றுமே தோன்றாதிருப்பதுண்டு. இக்கட்டளை செய்தியை 'டி-பஸ்' என்னும் வழியில் ஒப்படைப்பதோடு சரி. திரையிற் காட்டுவது வேறொரு நிரல். அந்நிரல் இயங்காவிடின் செய்தி வீணாகும். குறித்த நேரத்தில் வேலை செய்விக்கும் 'கிரான்' வழியாக அனுப்பினாலோ, நம் திரைக்குரிய டி-பஸ் முகவரி அதற்குத் தெரியாது. அதனை நாமே எடுத்துக் கொடுத்தல் வேண்டும்.

கணினியிலே இத்தவறு நேர்ந்தால் ஓர் அறிவித்தலை இழப்போம். மலையிலே நேர்ந்தால் இழப்பது உயிர்களை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழைமானிகளைக் கொண்டு மண்சரிவு எச்சரிக்கை விடுக்கின்றது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு; 100 ஆனால் ஆயத்தம்; 150 ஆனால் வெளியேற்றம். ஆயின், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டம் ஆபத்தான இடமென 2005லும் 2011லும் எச்சரிக்கப்பட்டிருந்தது. மக்கள் அங்கேயே வாழ்ந்தனர். 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடியது.

அங்கே தப்பு முழங்காமலில்லை. எழுந்து சென்று குடியேற வேறு நிலமும் வீடும் அம்மக்களுக்கு உரிய காலத்திற் கிடைக்கவில்லை. முகவரியில்லாக் கட்டளை போல அவ்வெச்சரிக்கை நின்றது.

மாணவர்களே, எச்சரிக்கைகள் பிரதேச செயலாளர் பிரிவு வாரியாக வெளியிடப்படுகின்றன. உங்கள் பிரிவின் பெயரை அறிந்து வைத்திருங்கள். மழைக்காலத்தில் அப்பெயரைக் கண்டால், கைபேசியில்லாத பாட்டிமார் வாழும் லயத்துக்கும் ஓடிச் சென்று, தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். போகுமிடம் எதுவென்று மழைக்கு முன்னரே பெரியோரைக் கேட்டு வைப்பதும் நம் கடமையே.