கெளுத்தி மீன் துப்புரவுப் பணியாளர் அன்று

நம் நாட்டில் பல வீடுகளின் வரவேற்பறையை மீன் தொட்டி அழகுபடுத்துகிறது. அத்தொட்டிக்கு வண்ண மீன்களை வாங்குவோர், ‘அடியில் கிடக்கும் அழுக்கைத் தின்னட்டும்’ என்று ஒன்றிரண்டு சிறிய கெளுத்தி மீன்களையும் சேர்த்து வாங்குகின்றனர். அவற்றுக்கெனத் தனியாக உணவு இடுவதில்லை; அவற்றின் தேவை என்ன என்று கேட்பதுமில்லை. இந்தப் போக்கு மாற வேண்டும். சிறிய கெளுத்தி மீனையும் மற்ற வளர்ப்பு உயிர்களைப் போலவே பொறுப்புடன் பேண வேண்டும் என்பது என் கருத்து.

கடைகளில் அதிகம் கிடைக்கும் சிறிய கெளுத்திகள் கோரிடோராஸ் எனப்படும். இவற்றின் தாயகம் தென் அமெரிக்க ஆறுகள். இவை வாயருகே உள்ள மீசைகளால் மணலைத் துழாவிப் புழுக்களையும் சிற்றுயிர்களையும் தேடி உண்கின்றன. மற்ற மீன்களின் கழிவை இவை உண்பதில்லை. மேலே நீந்தும் மீன்கள் உண்டு முடித்த பிறகு எஞ்சுவதை மட்டும் நம்பியிருந்தால் இவை மெலிந்து இறந்துவிடும். ஆகவே, அடியில் மூழ்கும் உணவுத் துண்டுகளை இவற்றுக்கென இடுவது அவசியம். அதே வேளையில், அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பதை மறந்துவிடக் கூடாது. உண்ணாமல் எஞ்சிய உணவு அழுகி நீரைக் கெடுத்துவிடும்.

குளிர் நாடுகளில் மீன் தொட்டிக்கு வெப்பமூட்டி தேவைப்படுகிறது. நம் சமவெளிப் பகுதிகளிலோ தொட்டி நீர் இயல்பாகவே ஏறத்தாழ 26 முதல் 30 பாகை செல்சியஸ் வரை இருக்கும். எனவே, இங்கே குளிரைவிட வெப்பமே பெரிய சிக்கல். நீர் சூடேறும்போது அதில் கரைந்திருக்கும் உயிர்வளி குறைகிறது. 25 பாகையில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறக்குறைய 8.3 மில்லிகிராம் உயிர்வளியைக் கொள்ளும். 30 பாகையில் அது ஏறக்குறைய 7.5 மில்லிகிராமாகிவிடும். கோரிடோராஸ் இடையிடையே நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்குவது இயல்பு. ஆனால், அது ஓயாமல் மேலே விரைந்தால் நீரில் ஏதோ குறை என்று உணர வேண்டும்.

இதற்குத் தீர்வு எளிது. தொட்டியை வெயில் படாத இடத்தில் வைக்கலாம். காற்றுக் குமிழ்க் கருவியைப் பொருத்தலாம். நீர்மட்டத்தின் மீது சிறு மின்விசிறியைச் சுழலவிடலாம். பனிக்கட்டியைக் கொட்டுவது தவறு. திடீர் மாற்றம் மீனை வாட்டும். வாங்கும்போதே தக்க வகையைத் தேர்ந்தெடுப்பது இன்னும் நல்லது. ஸ்டெர்பை என்னும் வகை ஓரளவு வெப்பத்தைத் தாங்கும். பாலியாட்டஸ் என்னும் வகை குளிர்ந்த நீரை விரும்புவதால், சமவெளி வீட்டைவிடக் கேமரன் மலை வீட்டுக்கே ஏற்றது.

நீரின் தூய்மையும் முக்கியமே. மீன் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா நஞ்சாகும். வெப்பம் கூடக் கூட அதன் கொடுமையும் கூடும். அதனைக் கேடு குறைந்த பொருளாக மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் பெருகச் சில வாரங்கள் ஆகும். ஆதலால், புதிய தொட்டியில் அன்றே மீனை விடக் கூடாது. வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்ற வேண்டும். குழாய் நீரில் உள்ள குளோரினை நீக்கிய பின்னரே ஊற்ற வேண்டும். அடியில் கூரான கற்களுக்குப் பதிலாக மென்மையான மணலைப் பரப்பினால் மீசைகள் தேயாமல் இருக்கும். மேலும், இவை கூட்டமாக வாழ்பவை. குறைந்தது ஆறு மீன்களையாவது ஒன்றாக வளர்க்க வேண்டும்.

‘சில ரிங்கிட் விலையுள்ள மீனுக்கு இவ்வளவு பாடா?’ என்று சிலர் கேட்கலாம். விலை குறைவு என்பதால் உயிரின் வலி குறைந்துவிடுவதில்லை. மேலும், மலிவாகக் கருதி வாங்குவதன் விளைவை நம் ஆறுகளிலேயே காணலாம். ‘இக்கான் பண்டாராயா’ என நாம் அழைக்கும் மற்றொரு தென் அமெரிக்கக் கெளுத்தியும் தொட்டியைத் துப்புரவு செய்யவே வாங்கப்பட்டது. அது ஓர் அடிக்கும் மேல் வளர்ந்து தொட்டிக்குள் அடங்காமல் போனதும் பலர் அதனை ஆற்றில் விட்டனர். இன்று லங்காட், கிள்ளான் ஆறுகளில் அது பெருகி, கரைகளைத் துளைத்து, உள்ளூர் மீன்களின் வாழ்விடத்தைக் கெடுக்கிறது. தன்னார்வலர்கள் ஆற்றில் இறங்கி அவற்றைப் பிடித்து அகற்றி வருகின்றனர். தெரியாமல் வாங்கி, வேண்டாமென்று வீசியவர்களின் செயலுக்கு மற்றவர்கள் உழைக்க வேண்டியுள்ளது.

எனவே, வாங்குவதற்கு முன் அம்மீன் எவ்வளவு வளரும், எதை உண்ணும், நம் வீட்டு வெப்பத்தைத் தாங்குமா என்று கடைக்காரரிடம் கேட்டறிய வேண்டும். வளர்க்க இயலாத நிலை வந்தால் ஆற்றிலோ கால்வாயிலோ விடாமல், வளர்க்க விரும்பும் வேறொருவரிடமோ கடையிலோ ஒப்படைக்க வேண்டும். இவ்விரண்டையும் செய்ய இயலாதவர்கள் மீன் தொட்டி வாங்காமல் இருப்பதே நன்று.