பலாலி இருந்தும் பயன் என்ன?

ரொறன்ரோவில் வாழும் எம்மவர் ஒருவருக்கு நள்ளிரவிலே செய்தி வருகின்றது. யாழ்ப்பாணத்தில் தந்தையார் காலமாகிவிட்டார். அவர் மூத்த மகன். கொள்ளி வைக்க வேண்டியவர். கேட்ட விலையைக் கொடுத்து ஒரு சீட்டு வாங்கிப் புறப்படுகின்றார். வளைகுடா நாடொன்றின் விமான நிலையத்தில் பல மணி நேரம் காத்துக் கிடந்து, ஏறத்தாழ ஒரு முழு நாளைக் கழித்துக் கட்டுநாயக்காவில் வந்திறங்குகின்றார். சமுத்திரங்களைக் கடந்தாயிற்று, இனி வீடுதானே என்று எண்ணத் தோன்றும். ஆனால், அவருடைய பிரயாணத்தின் பொல்லாத பகுதி அங்கேதான் ஆரம்பமாகின்றது.

வெளியே வாடகை வான் நிற்கின்றது. நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், அநுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு என்று ஊர்கள் ஒவ்வொன்றாகக் கழிய வேண்டும். ஏழெட்டு மணி நேரம் செல்லும். முந்திய இரவும் கண் விழித்த சாரதி விடியற்காலையில் கண்ணயர்ந்தால் என்ன நேரும் என்பதைப் பத்திரிகை வாசிப்போர் அறிவர். வரவேற்கப் போனவரும் வந்தவரும் ஒருங்கே மாண்ட செய்திகளை நாம் எத்தனை முறை வாசித்துவிட்டோம்! அங்கே வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டாயிற்று; பறை ஒலிக்கின்றது; சடலத்தை வைத்துக்கொண்டு ஊரே வழி பார்த்திருக்கின்றது.

யாழ்ப்பாணத்திலே விமான நிலையம் இல்லையா? இருக்கின்றது. அதுவும் நேற்று முளைத்ததன்று. இரண்டாவது உலக மகாயுத்த காலத்தில் பிரித்தானிய விமானப் படையினர் அமைத்த தளம் அது. 1947 டிசம்பர் 10-ஆம் திகதி ‘ஏயர் சிலோன்’ நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டுக் காங்கேசன்துறை வழியாகவே சென்னைக்குப் பறந்தது. இந்நாடு சுதந்திரம் பெறுவதற்கு ஏறக்குறைய இரண்டு மாதங்களுக்கு முன்னரே கொழும்பும் யாழ்ப்பாணமும் சென்னையும் ஒரே விமானப் பாதையால் இணைக்கப்பட்டிருந்தன. அன்று டக்கோட்டா விமானத்தால் முடிந்த காரியம், ஜெட் விமானங்களின் யுகத்தில் எட்டாக் கனியாகி நிற்பதை என்னவென்று சொல்வது?

இடையிலே யுத்தம் வந்தது. 1990-இல் வலிகாமம் வடக்கு மக்கள் வீடு வாசல்களை விட்டு விரட்டப்பட்டனர். அவர்களுடைய தோட்டங்களின் நடுவே பலாலி படைத்தளமாகப் பெருத்தது. தரைவழி அடைபட்டிருந்த காலத்தில் பொதுமக்கள் உத்தரவுச் சீட்டுக்காகக் காத்து நின்று விமானம் ஏறினர். 1998 செப்டெம்பர் 29-ஆம் திகதி பலாலியிலிருந்து புறப்பட்ட பயணிகள் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்து, அதில் இருந்த 55 பேரும் மடிந்தனர். வானவழி எமக்கு ஒருபொழுதும் வெறும் வசதியாக இருந்ததில்லை. அதற்காக எம்மக்கள் நிலத்தைக் கொடுத்தனர், உயிரையும் கொடுத்தனர்.

2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயருடன் பலாலி திறக்கப்பட்டது. அடுத்த மாதம் சென்னையிலிருந்து சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் கொள்ளை நோயின் பேரால் நின்றுபோன அச்சேவை மீண்டும் ஆரம்பமாக 2022 டிசம்பர் வரை செல்ல நேர்ந்தது. 2024 செப்டெம்பரில் மற்றொரு நிறுவனமும் சென்னையிலிருந்து வரத் தொடங்கியது. இவற்றை நாம் வரவேற்கின்றோம். செய்ததைச் செய்ததென்று சொல்ல எமக்குத் தயக்கமில்லை.

ஆனால், இவ்வழியில் வந்தது சுமார் 70 ஆசனங்களைக் கொண்ட சிறு விமானம். கடல் கடந்து வருபவரின் பொதிகளுக்கு அதில் இடம் குறைவு. வெவ்வேறு நிறுவனங்களின் சீட்டுகளுடன் வருபவர் சென்னையில் பொதிகளைப் பெற்று மறுபடியும் ஒப்படைக்க வேண்டுமாயின் இந்திய விசாவும் வேண்டும். சாவீட்டுக்கு ஓடி வருபவன் விசாவுக்கு எங்கே போவான்? ஆகவே ஒன்றேகால் மணி நேரத்தில் முடியக்கூடிய பயணத்தை விட்டு, ஏழெட்டு மணி நேர வானையே அவன் நாட வேண்டியிருக்கின்றது.

பயணிகள் தொகை போதாது என்று ஒரு நியாயம் கூறப்படுவதுண்டு. நேரமும் கட்டணமும் நிலையில்லாத சேவையை நம்பி எவர் வருவர்? முதலில் தண்டவாளத்தைப் போட்டார்கள். பின்னரே யாழ்தேவியில் சனம் நிறைந்தது. மேலும், 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாதென அரசாங்கம் கைவிரித்த அதே மாதத்தில், கடல் கடந்து வாழ்வோரே பணம் அனுப்புங்கள் என்று மத்திய வங்கி வேண்டுகோள் விடுத்தது. அவர்கள் அனுப்பும் பணத்திற்கு வழி காட்டத் தெரிந்தவர்கள், அவர்கள் வருவதற்கு வழி காட்ட மாட்டார்களா?

நாம் கேட்பவை பெரியவையல்ல. கட்டுநாயக்காவில் வந்திறங்கும் பயணி அங்கிருந்தே பலாலிக்கு ஏறத்தக்கதாக, சர்வதேச விமானங்களின் நேரத்திற்கு இசைந்த ஒழுங்கான உள்நாட்டுச் சேவை வேண்டும். புறப்படும் இடத்தில் ஒப்படைத்த பொதி பலாலியிலேயே கைக்கு வருமாறு நிறுவனங்களுக்கிடையே உடன்படிக்கை வேண்டும். மரணச் சடங்குக்கு வருபவர்க்கென ஒவ்வொரு விமானத்திலும் இரண்டு ஆசனங்களாயினும் ஒதுக்கப்படல் வேண்டும்.

ஓடுபாதையைப் பெருப்பிப்பதாயின் அதையும் நாம் எதிர்க்கவில்லை. ஆனால், மூன்று தசாப்தங்களுக்கு மேலாகக் காணி உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு முட்கம்பிக்கு வெளியே நிற்கும் மக்களை மறந்து அது நடைபெறலாகாது. விமான நிலையத்திற்கு எவ்வளவு நிலம் தேவையென்பதை வெளிப்படையாக அறிவிக்கட்டும். உரியவர்களுடன் பேசி, தகுந்த நட்டஈட்டை வழங்கட்டும். எஞ்சியதை அவர்களிடமே ஒப்படைக்கட்டும். விமான நிலையத்தின் பேரைச் சொல்லிப் படைத்தளத்திற்கு வேலி போடுவதை எவரும் ஏற்கமாட்டார்கள்.

எமது பாராளுமன்றப் பிரதிநிதிகளுக்கும் ஒரு வார்த்தை. திறப்பு விழாவன்று படம் பிடித்துக்கொள்வதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. கட்சி பேதம் மறந்து, ஒரே குரலில் இக்கோரிக்கைகளைச் சபையில் எழுப்புங்கள். தந்தையின் முகத்தைக் கடைசியாக ஒரு முறை காண ஓடி வரும் மகனுக்குத் தாமதமான ஒவ்வொரு மணி நேரமும் திரும்பக் கிடைக்காத ஒன்று. அந்த மகன் எந்தக் கட்சிக்காரன் என்று எவரும் கேட்கப்போவதில்லை.